இடது கண்ணில் ஒரு தோட்டம்

கடைத்தெருவில் அவளுக்குப் பெயர் நூலக்கா. நூல், பட்டன், ஜிப், லேஸ் விற்கும் கடையில் கல்யாணத்துக்கு முந்தியே வேலைக்குச் சேர்ந்தவள். பெரிய முதலாளி போய் அவர் மகன் கல்லாவில் உட்கார்ந்து, மர அலமாரிகள் போய் இரும்பு அலமாரிகள் வந்து, வாசலுக்குக் கண்ணாடிக் கதவு போட்ட பிறகும் அவள் மட்டும் அதே மூலையில் அதே முக்காலியில் இருந்தாள். துணியைக் கொண்டுவந்து மேஜைமேல் போட்டால் போதும். ஓரத்தை இரண்டு விரலால் தடவிப் பார்ப்பாள். பின்னால் கையை நீட்டி ஒரு நூல்கண்டை எடுத்து அதன்மேல் வைப்பாள். கண்டு துணியோடு துணியாகக் காணாமல் போய்விடும். "அக்கா, இது பச்சையா நீலமா?" என்று யாராவது கேட்டால், "ரெண்டுக்கும் நடுவுல. மேல்தட்டுல, ஓரத்துல பாருங்க" என்பாள்.

அப்படிப்பட்டவளுக்கு நிறத்தால் ஒரு குழப்பம் வரும் என்று தெருவில் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். அவளும் நினைக்கவில்லை.

எல்லாம் முழங்கால் வலியில் ஆரம்பித்தது. காலையில் நடங்கள் என்று மருத்துவர் சொன்னார். வீட்டுக்கும் கடைக்கும் நடுவில் நகராட்சிப் பூங்கா ஒன்று இருந்தது. இத்தனை காலமும் அதன் மதிலைச் சுற்றிக்கொண்டு போனவள், நடக்கிற சாக்கில் உள்ளே புகுந்து மறு வாசல் வழியாக வெளியே வர ஆரம்பித்தாள். ஒருநாள் வலி அதிகமாகி, பாதி வழியில் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். எதிரே டேபிள் ரோஸ் பாத்தி. எல்லாப் பூவும் குடையை மடக்கி வைத்த மாதிரி மூடிக் கிடந்தன. வெயில் மரத்தைத் தாண்டி இறங்கி, பாத்தியின் ஒரு மூலையைத் தொட்டது. காற்றே இல்லை, ஆனால் ஒரு மொட்டு அசைந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, யாரோ உள்ளேயிருந்து கதவைத் தள்ளுவதுபோல, அது திறந்துகொண்டது. பிறகு அடுத்தது. பிறகு அந்த வரிசையே.

மகள் புதுப் போன் வாங்கியபோது பழையதை அம்மா தலையில் கட்டியிருந்தாள். அதை எடுத்துப் படம் பிடித்தாள் நூலக்கா. பாதிப் படத்தில் அவள் விரல்தான் இருந்தது. ஆனாலும் அன்று கடையில் வந்தவர் போனவருக்கெல்லாம் அதைக் காட்டினாள்.

பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. வெயில் ஏறிய பிறகு எடுத்தால் பூ வெளுத்துப் போகிறது, மேகம் போட்டிருந்தால் இதழின் ரேகைகூடத் தெரிகிறது என்று தானாகவே கண்டுகொண்டாள். பூவுக்குப் பின்னால் கண்டதும் தெரியாமலிருக்கக் கடையிலிருந்து கறுப்பு லைனிங் துணி ஒரு துண்டு கொண்டுவந்தாள். குனிய முடியாததால் ஒரு குட்டி பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கினாள். அந்த ஸ்டூலைத் தூக்கவும், துணியைப் பிடிக்கவும் அவள் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். அவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பூவில் அவருக்கு ஒரு அக்கறையும் இல்லை. "எனக்குத் தெரிஞ்ச கலர் மூணுதான். நில்லு, போ, பாத்துப் போ" என்பார். ஆனால் துணியைப் பிடிக்கச் சொன்னால் கை ஆடாமல் பிடிப்பார். அத்தனை வருஷம் ஸ்டியரிங் பிடித்த கை.

மழைக்காலத்தில் சாமந்திகள் தண்ணீர் கோத்துத் தலை தொங்கி நிற்கும். அவற்றின் முகத்தைப் பார்க்க அவள் கிட்டத்தட்ட சேற்றில் உட்கார்ந்துவிடுவாள். பனிக்காலத்தில் வேலி முழுக்கச் சிலந்திவலைகள் வெள்ளை நூல்போல இறங்கும். அதைப் பார்க்கும்போது மட்டும் கடை ஞாபகம் வரும். இலை உதிரும் நாட்களில் வாதாமரம் ஒரு பக்கம் சிவந்து ஒரு பக்கம் பச்சையாக நிற்கும். கோடையில் பூ குறைந்து காய் வரும். காசித்தும்பைக் காயைத் தொட்டால் அது சுருண்டு வெடித்து விதையைத் தெறிக்கும். அந்த நொடியைப் பிடிக்க ஒரு கோடை முழுக்க முயன்றாள். கிடைத்ததெல்லாம் வெடிப்பதற்கு முந்திய காயும் வெடித்ததற்குப் பிந்திய காயும்தான். அதற்காக அவள் கோபப்பட்டதில்லை. "நாளைக்கு மாட்டும்" என்று எழுந்திருப்பாள்.

பூங்காவின் தோட்டக்காரர் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாதவர். முதல் தடவை அவர் ரோஜாச் செடிகளை வெட்டிக் குச்சி குச்சியாக நிறுத்தியதைப் பார்த்து இவள் சண்டைக்கே போய்விட்டாள். அவர் அடுத்த செடியை வெட்டப் போனார். கொஞ்ச நாளில் அந்தக் குச்சிகளிலிருந்து செம்பு நிறத்தில் கொழுந்து வந்தபோது இவள் வெட்கப்பட்டு அதைப் படம் எடுத்து அவரிடம் காட்டினாள். அதிலிருந்து அவர் தானாக வந்து, "அந்தப் பக்கம் அல்லி நாளைக்குத் திறக்கும்மா" என்று சொல்லிவிட்டுப் போவார்.

இந்தச் சந்தோஷத்தில் ஒரே ஒரு முள் இருந்தது. பூங்காவில் நன்றாக இருந்த படம் வீட்டுக்கு வந்து பார்த்தால் மஞ்சளடித்துக் கிடந்தது. வெள்ளை ரோஜா பழைய செய்தித்தாள் மாதிரி. ஊதாப் பூவோ மண் நிறம். மகளிடம் போனில் புலம்பினாள்.

"பழைய போன்தானே, கேமரா மங்கிப் போச்சு போல" என்றாள் மகள். அவள் வேறொரு நகரத்தில் விமான நிலையத்தில் பெட்டிகளைச் சோதிக்கும் வேலையில் இருந்தாள். "அதுலயே கலர் மாத்துற வசதி இருக்கும்மா. ஒரு கோடு தெரியும், நடுவுல புள்ளி. இந்தப் பக்கம் இழுத்தா மஞ்சள், அந்தப் பக்கம் இழுத்தா நீலம்."

அதைக் கற்றுக்கொண்ட பிறகு நூலக்காவுக்கு நிம்மதி. சாயங்காலம் கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொரு படமாக எடுத்து, அந்தப் புள்ளியை நீலப் பக்கம் மெல்ல இழுப்பாள். மஞ்சள் கரைந்து, வெள்ளை வெள்ளையாகும். ஊதா ஊதாவாகும். துணிக்கு நூல் பொருந்துகிற மாதிரி ஒரு இடத்தில் 'சரி' என்று தோன்றும். அங்கே நிறுத்துவாள். மாதங்கள் போகப் போக, அந்தப் புள்ளியை இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் தள்ள வேண்டியிருந்தது. போன் இன்னும் மங்குகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

படங்களை மகள் தன் சிநேகிதிகளுக்கு அனுப்பினாள். அவர்கள் மற்றவர்களுக்கு அனுப்பினார்கள். "உங்கம்மா படம்னா பார்த்த உடனே தெரியுது" என்று யாரோ சொன்னதாக மகள் சொன்னபோது, அப்படி என்ன தெரிகிறது என்று நூலக்கா கேட்கவில்லை. தன்னைப் பாராட்டும்போது விளக்கம் கேட்பது அவளுக்குக் கூச்சம்.

கடைக்குப் புத்தகம் தைக்கிற நூல் வாங்க வரும் அச்சகக்காரர் ஒருநாள் அவள் போனைக் கையில் வாங்கிப் பார்த்தார். தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "அக்கா, அடுத்த வருஷக் காலண்டருக்கு இதைக் குடுங்க. மாசத்துக்கு ஒண்ணு. மழை, பனி, வெயில் எல்லாம் வரட்டும்" என்றார்.

காலண்டர் வந்த அன்று சின்ன முதலாளி அதைக் கல்லாவுக்கு மேலேயே மாட்டினான். தெருவில் இருந்தவர்கள் எல்லாம் வந்து பார்த்தார்கள். தையல்கடைக்காரி கிட்டே போய் நின்று, "எல்லாம் நிலா வெளிச்சத்துல எடுத்ததாக்கா?" என்று கேட்டாள்.

"நிலாவா? காலையில எடுத்ததும்மா."

"அப்படியா. அழகா இருக்கு. என்னமோ கனவுல வர்ற தோட்டம் மாதிரி."

கிண்டல் செய்கிறாளா, மெச்சுகிறாளா என்று நூலக்காவுக்குப் புரியவில்லை. அவளும் எட்டிப் பார்த்தாள். வெள்ளை ரோஜா வெள்ளையாக இருந்தது. இதில் நிலா எங்கே வந்தது?

தோட்டக்காரருக்கு ஒரு காலண்டர் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சந்தோஷம்தான், ஆனால் ஒரு பக்கத்தில் விரலை வைத்து, "இந்த நீல ரோஜா எந்தத் தோட்டத்துதும்மா?" என்றார்.

"உங்க தோட்டத்துது. குழாய்க்குப் பக்கத்துல நிக்குதே, வெள்ளை."

அவர் குழாய்ப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் படத்தைப் பார்த்தார். "சரிம்மா" என்றார். நீண்ட நாள் பழகிய ஒருவர் சண்டை வேண்டாமென்று சொல்கிற 'சரி' அது. வீட்டுக்குப் போகும் வழி முழுக்க அந்தச் 'சரி' அவளை உறுத்தியது. வீட்டுக்காரரிடம் காலண்டரை நீட்டி, "இது நீலமா இருக்குதாங்க?" என்று கேட்டாள்.

"உனக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுது?" என்றார் அவர். "நான் துணி புடிச்சேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

அதே நாட்களில்தான் நூல்கண்டுகள் திரும்பி வர ஆரம்பித்தன. முதலில் தையல்கடைக்காரி ஒன்றைக் கொண்டுவந்தாள். "அக்கா, கருநீலம் கேட்டேன், கறுப்பு குடுத்திருக்கீங்க."

"இது கருநீலம்தான்."

"வெளிச்சத்துல பாருங்கக்கா."

வெளிச்சத்தில் பார்த்தாள். அப்போதும் அது கருநீலமாகவே தெரிந்தது. தன்னைவிடச் சின்னவள் தனக்கு நிறம் சொல்லித்தருவதா என்று ஆத்திரம் வந்தது. ஆனால் அந்த வாரமே இன்னொருவர் வந்தார். இளஊதா கேட்டவருக்குச் சாம்பல் போயிருந்தது. அதற்குப் பிறகு ஒரு பள்ளிக்கூடத்துக்கு மொத்தமாகப் போன பட்டன் பெட்டி திரும்பி வந்தது. "அக்கா, நீங்க ஜிப் பக்கம் உக்காருங்க. அங்க கூட்டம் ஜாஸ்தி" என்றான் சின்ன முதலாளி. ஜிப் பக்கம் ஈ ஓட்டுகிற பக்கம் என்று அவளுக்குத் தெரியும்.

அங்கே உட்கார்ந்து அவள் தன்னைப் பற்றிப் பயந்தாள். கண்ணைப் பற்றி நினைக்கவே இல்லை. கண்தான் தெளிவாகத் தெரிகிறதே. ஊசியில் நூல் கோக்கக் கொஞ்சம் நேரமாகிறது, அது வயசு. புத்தி தடுமாறுகிறதோ என்றுதான் பயந்தாள். அவளுடைய பெரியம்மா கடைசிக் காலத்தில் மகனையே யார் என்று கேட்டவள். நிறத்தில் ஆரம்பித்து அப்படித்தான் ஒவ்வொன்றாகப் போகுமோ? பூங்காவில் உட்கார்ந்து பூக்களின் பெயரை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். எல்லாம் வந்தன. கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. மறுநாள் காலை எழுந்தவுடன் மறுபடி சொல்லிப் பார்த்தாள்.

ஒருநாள் வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு, "கிளம்பு, கண் ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்றார். "பஸ் ஓட்டுனப்ப வருஷா வருஷம் எனக்குக் கண்ணைச் சோதிப்பாங்க. உனக்கு யாரு சோதிச்சாங்க?" மனிதர் எப்போது யோசித்தார், எதை வைத்து யோசித்தார் என்று அவளுக்குத் தெரியவில்லை. பூவும் நிறமும் எனக்கென்ன தெரியும் என்றவர்.

கண்புரை. இரண்டு கண்ணிலும். டாக்டரம்மா ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள். வலது கண்ணை முதலில் செய்வது, இடது கண்ணைக் கொஞ்ச நாள் விட்டுச் செய்வது என்று முடிவாயிற்று. அறுவை சிகிச்சை என்று பயந்ததெல்லாம் ஒரு தூக்கம் போடுகிற நேரத்தில் முடிந்தது.

கட்டைப் பிரித்ததும் அவள் முதலில் பார்த்தது எதிரே நின்ற வீட்டுக்காரரின் சட்டையை.

"இந்த நீலச் சட்டை எப்ப வாங்குனீங்க?"

"நீதான் வாங்கிக் குடுத்த. சாம்பல் கலர்னு சொல்லிக் குடுத்த. கடைக்காரன் பில்லுல நீலம்னு போட்டிருந்தான். உனக்குத் தெரியும்னு விட்டுட்டேன்."

அவள் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு இடது கண்ணால் பார்த்தாள். சட்டை சாம்பல் நிறம். இடது கண்ணைப் பொத்தி வலது கண்ணால் பார்த்தாள். வானம் மாதிரி நீலம். மாற்றி மாற்றிப் பொத்தினாள். டாக்டரம்மா சிரித்தாள்.

"ரொம்ப வருஷமா ஒரு மஞ்சக் கண்ணாடி போட்டுட்டு இருந்தீங்கம்மா. இப்ப ஒரு பக்கம் கழட்டியாச்சு."

"அப்ப எது நிஜக் கலர் டாக்டர்?"

"வலது கண்ணு பாக்குறதுதான் மத்தவங்களும் பாக்குறது."

"அப்ப நான் எடுத்த படம் எல்லாம்?" பையிலிருந்த போனை எடுத்துக் காட்டினாள். வலது கண் வழியாக அவளே பார்த்தாள். பூங்கா முழுவதையும் யாரோ நீல மசியில் முக்கி எடுத்த மாதிரி இருந்தது. சாமந்தி பச்சையடித்துக் கிடந்தது. ரோஜா சுத்த நீலம்.

"மஞ்சளா தெரிஞ்சதைச் சரி பண்றதா நினைச்சு நீலத்தைக் கூட்டியிருக்கீங்க. சில பேருக்கு இப்படி ஆகும்" என்றாள் டாக்டரம்மா.

"ஆனா தோட்டத்துல எனக்கு வெள்ளை வெள்ளையாத்தானே தெரிஞ்சது?"

"அங்க வெளிச்சம் ஜாஸ்தி. அதோட அது வெள்ளை ரோஜான்னு உங்களுக்கே தெரியும். மனசு வெள்ளையாக் காட்டிடும். சின்ன ஸ்கிரீன்ல மனசால அவ்வளவு சமாளிக்க முடியாது."

நூலக்கா தலையாட்டினாள். புரிந்த மாதிரியும் இருந்தது, புரியாத மாதிரியும் இருந்தது. அப்படியானால் இவ்வளவு நாள் அவள் பூவைப் பார்த்தாளா, பூ இப்படித்தான் இருக்கும் என்ற நினைப்பைப் பார்த்தாளா? இதை டாக்டரம்மாவிடம் கேட்க முடியாது. வெளியே நிறையப் பேர் காத்திருந்தார்கள்.

புத்தி தடுமாறவில்லை என்பதில் ஒரு பெரிய பாரம் இறங்கியது. இறங்கிய இடத்தில் வெட்கம் வந்து உட்கார்ந்தது. காலண்டர் ஊர் முழுக்கத் தொங்குகிறது. அன்று சாயங்காலம் மகளுக்குப் போன் போட்டாள்.

"படம் எல்லாம் நீலமா இருக்குன்னு ஏன்டி நீ சொல்லல?"

"அது உன் ஸ்டைல்னு நினைச்சேன்மா."

"ஸ்டைலா?"

"ஆமா. எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்க. எனக்கும் புடிச்சிருந்துச்சு. ஒண்ணைப் பெருசா பிரிண்ட் போட்டு ரூம்ல மாட்டியிருக்கேன்."

"எனக்கு ஸ்டைலும் இல்ல ஒண்ணும் இல்ல. கண்ணு தெரியல."

"ஏன்மா கோபப்படற? சில நாள் உனக்கு மனசு சரியில்லையோன்னுகூட நினைச்சேன். கேக்கலாமான்னு யோசிச்சேன். அப்புறம், பூ போட்டோ எடுக்கிறவங்களுக்கு என்ன கவலை இருக்கப் போகுதுன்னு விட்டுட்டேன்."

நூலக்காவுக்குக் கோபம் வந்ததும் போனதும் ஒன்றாக நடந்தது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை.

மறுநாள் பூங்காவுக்குப் போனாள். குழாய்க்குப் பக்கத்து ரோஜாமுன் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணைப் பொத்தினாள். வலது கண்ணுக்கு ரோஜா வெள்ளை. கண் கூசுகிற, சலவைக்குப் போட்டெடுத்த வெள்ளை. இடது கண்ணுக்கு அது மோர் நிறம், ஓரத்தில் ஒரு தேன் நிழல். இரண்டு கண்ணாலும் சேர்த்துப் பார்த்தால் எதிலும் சேராத ஒன்று. தோட்டக்காரர் ஹோஸ் குழாயை இழுத்துக்கொண்டு வந்தார்.

"கண்ணு தெரியுதாம்மா?"

"தெரியுதுண்ணா. ரெண்டு விதமா தெரியுது."

"எனக்கு ஒரு விதமாத்தான் தெரியுது" என்றார் அவர், அது ஒரு குறை என்பதுபோல.

பழைய படங்களின் மாற்றாத மூலங்கள் போனிலேயே இருந்தன. வலது கண்ணால் அவற்றைப் பார்த்தாள். வெள்ளை வெள்ளையாக, சாமந்தி மஞ்சளாக, எல்லாம் சரியாக இருந்தன. அவள்தான் அவற்றைக் கெடுத்திருந்தாள். ஆனால் இடது கண்ணை மட்டும் திறந்து நீலப் படங்களைப் பார்த்தபோது, அவளுக்குத் தெரிந்த பூங்கா அதில் இருந்தது. பனியும் சிலந்திவலையும் வாதாமரமும், பார்த்த அன்றைக்கு எப்படியோ அப்படியே இருந்தன. ஊரில் வேறு யார் கண்ணுக்கும் தெரியாத ஒரு பூங்கா. அதைக் கெட்டது என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

இந்தச் சமயம் பார்த்து அச்சகக்காரர் வந்தார். "அக்கா, அடுத்த வருஷத்துக்கும் வேணும். அதே நீலம். நிறைய பேர் கேக்குறாங்க."

அவள் கண் கதையைச் சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. பார்க்கலாம் என்றாள்.

வலது கண்ணைத் திறந்து வைத்து அந்த நீலத்தைத் தேடினால் கிடைக்கவில்லை. புள்ளியை எங்கே நிறுத்தினாலும் பொய்யாக இருந்தது. வலது கண்ணைப் பொத்தினால் உடனே கிடைத்தது. ஆக அந்தப் பூங்கா இடது கண்ணில் மட்டும்தான் பாக்கி இருந்தது. அதையும் சீக்கிரமே எடுத்துவிடப் போகிறார்கள்.

ஆஸ்பத்திரியில் கூப்பிட்ட நாளன்று அவள் ஜலதோஷம் என்று சொல்லிவிட்டாள். அடுத்து கூப்பிட்டபோது கடையில் ஆள் இல்லை என்றாள். மழைக்காலம் ஆரம்பித்திருந்தது. வலது கண்ணின்மேல் ஒரு பஞ்சை வைத்து ஒட்டிக்கொண்டு, தினமும் பூங்காவுக்குப் போய் இடது கண்ணால் படம் எடுத்தாள். பார்ப்பவர்களிடம் தூசி விழுந்துவிட்டது என்றாள். வீட்டுக்காரர் கூடவே வந்தார். என்ன நடக்கிறது என்று அவர் கேட்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. ஆனால் துணி பிடிக்கும்போது அவர் பூவைப் பார்க்காமல் அவளைப் பார்த்தார்.

ஒற்றைக் கண்ணால் தூரம் தெரியாது. அல்லிக் குளத்தின் ஓரத்தில் ஒரு படியில் இறங்கக் காலை வைத்தாள். படி இருந்த இடம் வேறு, கண்ணுக்குத் தெரிந்த இடம் வேறு. முழங்கால் அளவுத் தண்ணீரில் பக்கவாட்டில் விழுந்தாள். தோட்டக்காரரும் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். போன் தண்ணீரிலேயே போயிற்று. மணிக்கட்டு வீங்கிவிட்டது. பெஞ்சில் உட்காரவைத்துத் தன் துண்டால் தலையைத் துவட்டிவிட்டுக்கொண்டே வீட்டுக்காரர் முதல்தடவையாகக் கேட்டார்.

"எதுக்கு இப்படிப் பண்ற?"

"தெரியலைங்க" என்றாள். நிஜமாகவே தெரியவில்லை. "அந்தக் கண்ணையும் எடுத்துட்டா, நான் பார்த்ததெல்லாம் இல்லேன்னு ஆயிடும்போல இருக்கு."

"நீ பார்த்ததுக்கு நான் சாட்சி. பக்கத்துலயே நின்னேன்."

"உங்களுக்கு மூணு கலர்தான் தெரியும்."

"சாட்சிக்கு அது போதும்" என்றார் அவர்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. மணிக்கட்டு ஆறியதும் இடது கண்ணும் முடிந்தது.

அதற்குப் பிறகு உலகம் ஒரே விதமாகத் தெரிந்தது. கடையில் சின்ன முதலாளி அவளைப் பழைய மூலைக்கே திரும்பக் கூப்பிட்டான். வந்த முதல் வாரம் ஒவ்வொரு கண்டையும் வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாள். வாங்குகிறவரிடம், "உங்களுக்கும் அப்படித்தானே தெரியுது?" என்று ஒரு தடவை கேட்டுக்கொள்வாள். அவர்கள் என்ன சொல்வதென்று தெரியாமல் ஆமாம் என்பார்கள்.

மகள் அனுப்பிய வேறு போனில் புதிதாக எடுத்த படங்களை, நிறம் மாற்றாமல், அச்சகக்காரரிடம் காட்டினாள். அவர் சங்கடத்தோடு நெளிந்தார். "நல்லாத்தான் இருக்குக்கா. ஆனா எல்லாரும் எடுக்கிற மாதிரி இருக்கு."

இரவல் கொடுத்த பொருளைத் திரும்ப வாங்கிக்கொள்வதுபோல அவள் போனைப் பைக்குள் வைத்தாள். வலித்தது. ஆனால் எங்கே வலித்தது என்று சொல்லத் தெரியவில்லை. அவர் சொன்னது தப்பும் இல்லை.

வருஷம் பிறந்தபோது அச்சகத்திலிருந்து காலண்டர் வந்தது. வேறு யாரோ எடுத்த பூக்கள். அச்சில் போட்டபோதே எல்லாவற்றுக்கும் நீலம் ஏற்றியிருந்தார்கள். நூலக்கா கிட்டே நின்று பார்த்தாள். நீலம் இருந்தது, வேறொன்றும் இல்லை. பக்கத்தில் நின்ற தையல்கடைக்காரி, "இந்த வருஷமும் உங்க காலண்டர் சூப்பர்க்கா" என்றாள்.

"இது நான் எடுத்தது இல்லம்மா."

"சும்மா சொல்லாதீங்க. பார்த்தாலே தெரியுதே."

மறுபடி மறுத்துப் பார்த்தாள். தன்னடக்கம் என்று நினைத்து அவள் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள் தையல்கடைக்காரி. அன்று முழுக்க வருகிறவரெல்லாம் பாராட்டினார்கள். மத்தியானத்துக்கு மேல் நூலக்கா மறுப்பதை நிறுத்திவிட்டு, "ம்" என்று மட்டும் சொன்னாள்.

பனி விட்டு வெயில் வருகிற நாட்களில் மகள் விடுமுறைக்கு வந்தாள். ஒரு காலையில் அம்மாவோடு பூங்காவுக்கு வந்தாள். பின்வாசல் பக்கம் தோட்டக்காரர் புதிதாக ஒரு பாத்தி போட்டிருந்தார். அது முழுக்க வாடாமல்லி. உருண்டை உருண்டையாக, காம்பு தெரியாமல் பூத்திருந்தது. மகள் குனிந்து பார்த்து, "என்ன அழகான பிங்க்" என்றாள்.

நூலக்கா திடுக்கிட்டாள். இரண்டு கண்ணையும் மாற்றிப் பொத்திப் பார்த்தாள். இரண்டிலும் ஒரே மாதிரிதான். "இது பிங்க் இல்லடி. கத்திரிப்பூ கலர்."

"கத்திரிப்பூ இவ்வளவு சிவப்பா இருக்காதும்மா."

"சிவப்பு எங்க இருக்கு இதுல?"

"இதோ. இதையா சிவப்பு இல்லேங்கிற?"

கையில் மண்வெட்டியோடு நின்ற தோட்டக்காரரிடம் இரண்டு பேரும் நியாயம் கேட்டார்கள். அவர் பூவை ஒரு தரம் பார்த்தார். அவர்களை ஒரு தரம் பார்த்தார். "வாடாமல்லி வாடாமல்லி கலர்தானேம்மா" என்றார், இதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல.

"அப்பா, நீங்க சொல்லுங்க" என்று மகள் திரும்பினாள். அவர் ஸ்டூலை விரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். "அது எனக்குத் தெரிஞ்ச மூணுல சேராது" என்றார்.

மகளும் தோட்டக்காரரும் சிரித்தார்கள். நூலக்கா சிரிக்கவில்லை. எல்லோருக்கும் கண் நன்றாக இருக்கிறது, எல்லோரும் வெவ்வேறு சொல்கிறார்கள், இது என்ன கணக்கு என்று அவளுக்கு விளங்கவில்லை. அதற்குள் வெயில் பாத்தியின் நடுவுக்கு வந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் பூ வெளுத்துவிடும். ஸ்டூலில் உட்கார்ந்து படம் எடுத்தாள். மகள் தோளுக்கு மேலே எட்டி ஸ்கிரீனைப் பார்த்தாள்.

"கலர் மாத்துவியாம்மா?"

"தெரியலடி" என்றாள் நூலக்கா. "கொஞ்சம் தள்ளி நில்லு, உன் நிழல் விழுது."